கம்பெனி நிறுத்தியது, நாங்கள் நிறுத்தவில்லை

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை வட்டாரத்தில் மரவேலை செய்து பிழைக்கிற நாங்கள் இதன் மூலம் அறிவிப்பது: உற்பத்தி நின்றுபோன கை ரம்ப மெஷின்களையும், அவற்றோடு வந்த மேசை, கைடு, தண்டவாளம், பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றையும், மோட்டாரில் உயிர் இருக்கும்வரை கைவிடுவதில்லை. இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் விவகாரத்தில் இறங்கினால் ரம்பத்துக்கு வந்து சேர மாட்டோம் என்று தெரிந்ததால் அதை ஒத்திவைத்திருக்கிறோம்.

எங்களைக் கூட்டியது கடைக் கவுண்டரில் கேட்கிற ஒரு வாக்கியம். "அந்த மாடல் நின்னுபோச்சு அண்ணாச்சி, புதுசு எடுத்துக்கிடுங்க." சொல்கிற பையன் மேல் தப்பில்லை. அவனுக்குத் தெரிந்ததை அவன் சொல்கிறான். ஆனால் மாடல் நிற்பது கம்பெனியின் கணக்கில் நடக்கிற காரியம். எங்கள் பட்டறையில் அந்த மெஷின் அன்று காலையும் தேக்கை அறுத்திருக்கிறது. சுவிட்ச் ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காக மொத்த மெஷினும் செத்ததாக ஆகிவிடுமா?

மில் ரம்பம் பற்றி இங்கே பேச்சில்லை. அது நின்ற இடத்தில் நிற்கும். மரம்தான் அதைத் தேடிப் போகும். எங்கள் ரம்பம் எங்களோடு மொபெட்டில் வருவது. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் விடுதிக் கதவெல்லாம் ஊதி நிலையில் சிக்கும். அதைக் கழற்றி மில்லுக்குத் தூக்கிப்போய் ஒரு நூல் அறுத்துக்கொண்டு வர முடியாது. மெஷின் மாடி ஏறி வர வேண்டும். அங்கேயே அறுத்து, இழைத்து, மாட்டி, மரத்தூளைக் கூட்டி அள்ளிவிட்டு இறங்க வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று எங்களுக்கு வேலையும் கொடுக்கிறது, மெஷினில் துருவும் ஏற்றுகிறது. இரண்டையும் சேர்த்தேதான் வாங்கிக்கொள்கிறோம்.

கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பம் வந்து நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்காவின் லூசியானாவில் கரும்பு வெட்டுகிறவர்களையும் அவர்கள் கை அரிவாளையும் பார்த்து எட்மண்ட் மிஷேல் என்பவர் மோட்டாரை வைத்துச் செய்துபார்த்ததில் இருந்து அந்தக் கதை தொடங்குகிறது. 1924-ல் அவர் கூட்டாளியோடு கம்பெனி தொடங்கினார். ஸ்கில்சா என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். கரும்பு எங்களுக்கும் அந்நியமில்லை என்பதால் இதைச் சொல்கிறோம், வேறு காரணமில்லை.

எங்கள் காரியத்துக்கு நெருக்கமான கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. ஜார்ஜ் லெவின் என்பவர் 1970-களில் ஒரு மேசை செய்தார். யாரிடமும் இருக்கிற சாதாரணக் கை ரம்பத்தை அதன் அடியில் தலைகீழாக மாட்டினால் பலகையை நீளவாக்கில் அறுக்கலாம். அதே ரம்பத்தை மேலே ஏற்றி, தண்டவாளத்தில் தள்ளினால் குறுக்கே அறுக்கலாம். மடக்கித் தூக்கிக்கொண்டும் போகலாம். 1976-ல் அந்த நாட்டு ஏபிசி தொலைக்காட்சியில் கண்டுபிடிப்பாளர்களுக்கான நிகழ்ச்சியில் இதைக் காட்டினார். ட்ரைட்டன் என்ற பெயரில் மேசை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பிறகு கம்பெனி கை மாறியது, மறுபடி மாறியது, பழைய மேசையின் உற்பத்தி நின்றது. பெயர் இன்னும் சந்தையில் இருக்கிறது, மேசை வேறாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய ஆரஞ்சு நிற மேசையை வைத்திருப்பவர்கள் இன்றும் அதில் அறுக்கிறார்கள், ஒருவர் கழற்றிய பாகத்தை இன்னொருவர் வாங்கி மாட்டுகிறார்.

ட்ரைட்டன் என்ற பெயரைக் கேள்விப்படாமலே எங்கள் ஊரிலும் அதையே செய்தார்கள். முக்கால் அங்குல பிளைவுட்டில் பிளேடு அளவுக்குக் கீறல் போட்டு, அடியில் ஏழு அங்குல ரம்பத்தைத் தலைகீழாக முடுக்கி, ஒரு நேரான ரீப்பரை இரண்டு பக்கமும் சி-கிளாம்ப் வைத்துக் கைடாக நிறுத்துவது. வேலை ஓடும். எங்களில் பாதிப்பேருடைய வீட்டுக் கட்டிலும் அலமாரியும் அந்தப் பலகையில் அறுத்தவைதான். லெவின் செய்த மேசைக்கும் எங்கள் பலகைக்கும் எண்ணத்தில் வித்தியாசமில்லை. பாதுகாப்பில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறோம்.

நின்றுபோன மெஷினைக் கழற்றி மேசையில் பரப்பிப் பாருங்கள். எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதில் ஒரு ஒழுங்கு தெரியும். பேரிங்கை எடுங்கள். அதன் மேல் 608 என்றோ 6000 என்றோ 6201 என்றோ எழுதியிருக்கும். 608 என்றால் உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22, அகலம் 7. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் அதுதான் அளவு. அதனால் மெஷின் செய்தவர் கடையை மூடிப் போனாலும் பேரிங் தென்காசியிலேயே கிடைக்கும். வயர் கிடைக்கும். ஸ்குரூ கிடைக்கும். கார்பன் பிரஷ் அதே அளவில் இல்லாவிட்டால் சற்றுப் பெரியதை வாங்கி உப்புத்தாளில் தேய்த்து இறக்கிக்கொள்ளலாம். நான்கு பக்கமும் சதுரம் கெடாமல், கூட்டுக்குள் ஆடாமல் வழுக்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். பிளேடின் துளை அச்சைவிடப் பெரிதானால் இடையில் போட வளையம் உண்டு.

ஆர்மேச்சர் அடுத்த படி. கிணற்று மோட்டார் கட்டுகிற வைண்டிங் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, ஆனால் விரல் தடிமன் அச்சில் முடி போன்ற கம்பியைச் சுற்றுகிற பொறுமை எல்லோரிடமும் இல்லை. சுற்றி வார்னிஷ் ஊற்றிய பிறகு எடை ஒரு பக்கம் சாய்ந்தால் மெஷின் உதறும், அந்த உதறலில் பேரிங் போகும். அப்படிப்பட்ட வேலையைச் சுத்தமாகச் செய்கிற கைகள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு வயதாகிறது. அவர்களிடம் உட்கார்ந்து கற்க ஆள் அனுப்புவது இந்த இயக்கத்தின் வேலை என்று எழுதி வைக்கிறோம்.

பல் சக்கரம், சுவிட்ச், உடலின் பிளாஸ்டிக் ஓடு, கைடு தண்டவாளத்தில் உட்காரும் அடித்தகடு, பேட்டரி: இங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருக்கிறது, அந்த வடிவம் அவர்களோடு வந்து அவர்களோடு போய்விடுகிறது. பேட்டரியைப் பிரித்தால் சிரிப்புத்தான் வரும். பழைய 18 வோல்ட் நிக்கல்-காட்மியம் பெட்டிக்குள் 1.2 வோல்ட் செல்கள் 15 வரிசையாக நிற்கின்றன. செல் எல்லோருக்கும் பொதுவானது. பூட்டு மட்டும் கம்பெனியுடையது. செத்த செல்லை எடுத்துவிட்டு அதே அளவில் புதுச் செல்லைத் தகடு வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்தால் பெட்டி மறுபடி உயிர் பெறும். ஈயம் வைத்து நேராகச் செல்லின் மேல் பற்றவைக்கக் கூடாது, சூட்டில் செல் கெடும். லித்தியம் பெட்டியைத் தெரியாதவர் தொடவே கூடாது, அது தீப்பிடிக்கும் சாமான்.

எனவே எங்கள் முதல் கொள்கை இது: பொது அளவில் செய்தது நிலைக்கிறது, தனி அளவில் செய்தது அனாதையாகிறது. இனிமேல் மெஷின் வாங்கும்போது விலையையும் வாட்டையும் கேட்பதற்கு முன்னால், பேரிங் எண் என்ன, பிளேடு துளை என்ன, பிரஷ் அளவு என்ன என்று கேட்போம். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அவர் முன்னாலேயே மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்வோம். முறைப்பார். பரவாயில்லை.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. ஹிட்டாச்சி கோக்கி நிறுவனம் 2018-ல் தன் பெயரை மாற்றிக்கொண்டது, மெஷின்கள் ஹைகோக்கி என்ற பெயரில் வரத் தொடங்கின. நம் பக்கத்துப் பட்டறைகளில் ஹிட்டாச்சி என்று எழுதிய பச்சை மெஷின் எத்தனையோ கிடக்கின்றன. அந்தப் பெயர் கடையில் இல்லை என்றதும் பாகமும் இல்லை என்று முடிவு கட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். பெயர் மாறினாலும் மாடல் எண் பேசும். உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் மாடல் எண், வோல்ட், வாட், நிமிடச் சுற்று எல்லாம் இருக்கும். கைபட்டுக் கைபட்டு முதலில் அழிவதும் அதுதான். வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். இதைச் செய்ய எந்தச் சட்டமும் தேவையில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. முதலில் எடுத்துக்கொண்டவை நான்கு: விவசாயக் கருவிகள், செல்போனும் மின்னணுப் பொருள்களும், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள். தச்சரின் ரம்பத்தைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அதே 2022-ல் வெளியாகி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலைப் புரட்டினால் டிரில்லுக்குப் பக்கத்தில் ரம்பம் அழகாக உட்கார்ந்திருக்கிறது. கழிவாகும்போது எங்கள் ரம்பம் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிகிறது, பழுதாகும்போது தெரியவில்லை.

உதவித் திட்டங்களும் அப்படித்தான். 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள், தச்சுத் தொழிலும் உண்டு. கருவிப் பெட்டிக்கு 15,000 ரூபாய். தமிழ்நாடு அதை ஏற்காமல் கலைஞர் கைவினைத் திட்டத்தை 25 தொழில்களோடு 2025-ல் கொண்டுவந்தது. 3 லட்சம் வரை கடன், அதில் மானியம். எந்தத் திட்டம் யாருடையது என்ற சண்டையில் நாங்கள் இல்லை. புதுக் கருவி வாங்கப் பணம் என்ற யோசனை வந்தவர்களுக்கு, இருக்கிற கருவியை ஓடவைக்கப் பணம் என்ற யோசனை வர வேண்டும் என்று கேட்கிறோம். ஆர்மேச்சர் கட்டிய ரசீதும் கருவிச் செலவுதான்.

உற்பத்தியாளர்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. ஒரு மாடலை நிறுத்துவது உங்கள் உரிமை. நிறுத்தும் தேதியைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், கடைசியாக ஒருமுறை பாகம் வாங்கி வைத்துக்கொள்ள எங்களுக்கு அவகாசம் இருக்கட்டும். பாகம் செய்வதையும் நிறுத்தினால் பல் சக்கரத்தின் வரைபடத்தை, சுவிட்சின் அளவை வெளியிடுங்கள். நீங்கள் செய்யாத சக்கரத்தைக் கோயம்புத்தூரில் நாங்கள் வெட்டிக்கொண்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

அமெரிக்காவில் ஷாப்ஸ்மித் என்று ஒரு மெஷின். ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1947-ல் கொண்டுவந்தது. ஒரே மோட்டாரில் மேசை ரம்பம், கடைசல், துளை, தேய்ப்பு என ஐந்து வேலை. 1960-களில் உற்பத்தி நின்றது. ஓஹையோவில் ஜான் ஃபோல்கர்த் என்பவர் தன் மெஷினுக்குப் பாகம் தேடிப் போனார், கம்பெனியே இல்லை. விசாரித்து விசாரித்துக் கடைசியில் அச்சுகளையும் உரிமையையும் வாங்கி 1972-ல் அவரே மறுபடி தயாரிக்கத் தொடங்கிவிட்டார். பாகம் தேடிப் போய்க் கம்பெனியோடு திரும்பிய மனிதர்! எங்களிடம் அவ்வளவு பணமில்லை. பிடிவாதம் உண்டு.

அந்தப் பிடிவாதத்துக்கு இந்த ஊரிலேயே சாட்சி நிற்கிறது. காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் 1924-ல் இடி விழுந்து சிதைந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. 1990-ல்தான் முழுதாக எழுந்தது. சிதைந்ததை ஒதுக்கிவிட்டு வேறு இடத்தில் புதுக் கோயில் கட்டிக்கொள்ளலாம் என்று தென்காசிக்காரர் யாரும் இருந்துவிடவில்லை.

இனி, எங்களுக்குள்ளேயே சண்டை மூண்ட விஷயத்துக்கு வருகிறோம். பழையதைக் காப்பது என்றால் எல்லாப் பழையதையுமா?

1958 முதல் 1992 வரை அமெரிக்காவில் சியர்ஸ் கடைகள் விற்ற, மேலே கை நீட்டி நிற்கும் வகை மேசை ரம்பங்களை, செய்துகொடுத்த எமர்சன் நிறுவனம் 2000-ல் திரும்ப அழைத்தது. சுமார் 37 லட்சம் மெஷின்கள். அவற்றின் சேஃப்டி கார்டு பிளேடை முழுதாக மூடவில்லை, கை போனது. கார்டு செய்ய முடிந்த மாடலுக்குப் புதுக் கார்டு இலவசமாக அனுப்பினார்கள். முடியாத மாடலுக்கு, மோட்டார் பகுதியைக் கழற்றி அனுப்பினால் 100 டாலர். எங்களுக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. கார்டு போட முடிந்தால் வாழட்டும், முடியாவிட்டால் மோட்டாரைக் கழற்றிவிடு.

நம் ஊரில் நிலைமை இதைவிட மோசம், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. மார்பிள் கட்டரில் மரம் அறுக்கிறோம். 110 மில்லிமீட்டர் கல் வெட்டும் தட்டுக்காகச் செய்த மெஷின், நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு அருகில் ஓடுவது. மரம் அறுக்கும் ஏழு அங்குல ரம்பம் 5,000 சுற்றளவில் ஓடும், அதன் அடிக் கார்டு அறுத்து முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும். கட்டரில் அப்படி மூடும் கார்டு கிடையாது. அதில் பல் வைத்த பிளேடை மாட்டிப் பிளைவுட்டில் இறக்கினால், பலகை இறுகிப் பிளேடைப் பிடித்த நொடியில் மெஷின் எத்திக்கொண்டு கையை நோக்கி வரும். விலை குறைவு, எடை குறைவு, ஒரு கையில் பிடிக்கலாம் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு கையில் பிடிப்பதுதான் வினையே.

தலைகீழாக மாட்டிய பலகைக்கும் இதே கணக்கு. சுவிட்சைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு அறுக்கிறோம். மின்சாரம் போகிறது. டீ குடிக்கப் போகிறோம். திரும்ப வரும்போது ஒரு பையன் பலகையின் மேல் மரத்தூளைக் கையால் தள்ளிக்கொண்டிருக்கிறான், அந்த நேரம் பார்த்து மின்சாரம் வருகிறது. இதற்கு மேல் எழுத வேண்டாம். மின்சாரம் போனால் தானே விடுபட்டு, பொத்தானை மறுபடி அழுத்தினால் மட்டுமே ஓடுகிற ஸ்டார்ட்டரை மேசையின் காலில் மாட்டுங்கள். பிளேடுக்கு நேர் பின்னால், அறுத்த இரண்டு பக்கமும் மறுபடி ஒட்டாமல் பிரித்து நிறுத்தும் தகடு ஒன்று வையுங்கள். மரம் திருப்பி அடிப்பது பெரும்பாலும் அந்தத் தகடு இல்லாததால்தான். சீசன் ஈரத்தில் மெஷினைத் தொட்டுச் சுரீர் என்று அடித்தால் உதறிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் பிரேக்கர் இல்லாத இடத்தில் எங்கள் ஆள் வயரைச் சொருக மாட்டார் என்று இதோ எழுதுகிறோம்.

இந்தப் பத்தியால் சிலர் எங்களை விட்டு விலகினார்கள். இத்தனை ஆண்டும் இப்படித்தான் அறுத்தோம், விரல் பத்தும் இருக்கிறது என்றார்கள். பத்தும் இல்லாதவர்கள் அன்று கூட்டத்தில் பேசவில்லை, உட்கார்ந்திருந்தார்கள். அதனால் இரண்டாம் கொள்கை விட்டுக்கொடுப்புக்கு உரியதல்ல: கார்டைக் கழற்றிய ரம்பத்தை எவ்வளவு பழையதானாலும், யார் தாத்தாவுடையதானாலும், இயக்கம் பழுது பார்க்காது.

பராமரிப்பைப் பற்றி நீட்ட விரும்பவில்லை, தெரிந்ததுதான். சாரல் மாதங்களில் மெஷினைச் சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் சும்மா கிடந்ததை எடுத்தவுடன் மரத்தில் இறக்காமல், வெறுமனே சற்று ஓடவிட்டுச் சத்தம் கேளுங்கள். பிளேடில் பிசின் ஏறினால் சுரண்டாமல் சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். மேசைத் தகட்டில் எண்ணெய் தடவினால் மரத்தில் கறை பிடிக்கும், மெழுகு தேயுங்கள். பிரஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள், தேய்ந்தது ஸ்பிரிங் வரை போய்விட்டால் ஆர்மேச்சரைக் கீறிவிடும், பிறகு செலவு வேறு கணக்கு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும் நாளில் மூடியைத் திறந்து தூசியை ஊதிவிட்டுச் சந்தனம் வைக்கலாம்.

புது மெஷின் வாங்குகிறவர்களை நாங்கள் பகைக்கவில்லை. புது ரம்பங்கள் சிலவற்றில் பிளேடு இறுகியதும் மோட்டார் தானே நிற்கிறது, தூள் உறிஞ்சும் குழாய் மாட்டலாம், எடையும் குறைவு. தூள் நுரையீரலுக்குப் போகிற எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. வாங்க முடிந்தவர் வாங்கட்டும். வாங்கியதும் பழையதை எடைக்குப் போடாமல் எங்களிடம் கொடுக்கட்டும். ஓடாத மெஷினும் எங்களுக்கு வேண்டும், ஏனென்றால் ஓடாத ஒன்றில் நல்ல சுவிட்ச் இருக்கும், எரிந்துபோன இன்னொன்றில் நல்ல பல் சக்கரம் இருக்கும். இரண்டு பிணத்திலிருந்து ஒரு உயிர் என்று எங்கள் மூத்த ஆசாரி ஒருவர் சொன்னதைக் கொள்கையில் சேர்க்கக் கூடாது என்று சிலர் தடுத்தார்கள். சேர்த்துவிட்டோம்.

செய்யப்போவது மூன்று காரியம். வட்டாரத்தில் யாரிடம் எந்த நின்றுபோன மெஷின் இருக்கிறது, மாடல் எண் என்ன, எந்தப் பாகம் குறைவு, எந்தப் பாகம் மிச்சம் என்று ஒரு பேரேடு. கழற்றிய பாகங்களுக்கு ஒரு பொது அலமாரி. எடுத்தவர் அதில் எழுதிவிட்டு எடுக்க வேண்டும், வேறொன்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மூன்றாவது, ஆர்மேச்சர் கட்டத் தெரிந்த மூத்தவர்களிடம் ஆளுக்கு ஒரு பையனோ பெண்ணோ உட்கார்ந்து கற்பது. கற்கிற நாட்களுக்குக் கூலி இயக்கம் கொடுக்கும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. விடுதிக்காரர்களிடம் கேட்கலாம் என்று ஒரு கட்சி, கேட்கவே கூடாது என்று இன்னொரு கட்சி.

சேர விரும்புகிறவர்களுக்குச் சந்தா கிடையாது. சாதி கேட்க மாட்டோம், பரம்பரைத் தொழிலா என்று கேட்க மாட்டோம். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருந்து வந்தாலும் சரி. 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. குற்றாலத்துக் கூட்டம் குறைந்து விடுதி வேலை ஓய்ந்ததும் முதல் பழுதுபார்க்கும் நாள். வருகிறவர்கள் மெஷினையும், அதன் கார்டையும், மாடல் எண் எழுதிய தாளையும் கொண்டுவர வேண்டும். கார்டு தொலைந்துபோயிருந்தால் அன்றைக்குத் தகடு வெட்டிக் கார்டு செய்வது மட்டும் நடக்கும், மற்ற பழுது அடுத்த முறை.